தொதல் பொட்டலமும் சோதனைத் திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விமான நிலையச் சோதனையைத் தனியாரிடம் விட்டால் வரிசை விறுவிறுவென நகரும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நகரும்தான். ஆனால் நான் வரிசையில் நின்று பார்த்தது வேறு.

எங்கள் கீழக்கரையில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. மகனைப் பார்க்க நானும் அவ்வப்போது போய் வருகிறேன். எங்கள் ஊர் இனிப்பான தொதல் இல்லாமல் போய் இறங்கினால் பேரப்பிள்ளைகள் முகத்தில் முழிக்க முடியாது. போன தடவை அந்தத் தொதல்தான் மாட்டிக்கொண்டது. எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும் தின்பண்டம் ஆரஞ்சாகவும் தெரியும். வெடிமருந்துக்கும் அதே ஆரஞ்சு நிறம்தான். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் இறுகிய ஒரு கிலோ கட்டியைப் பார்த்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். திரை முன் இருந்த சி.ஐ.எஸ்.எப். (மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை) பெண் காவலர் பதறவில்லை. பையைத் திறக்கச் சொன்னார். சிறு துணியால் துடைத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். "கீழக்கரையா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். பல நூறு பொட்டலம் பார்த்த கண் அது. குறைந்த சம்பளத்தில் ஆறு மாதத்துக்கொருமுறை ஆள் மாறும் ஒப்பந்த வேலையில் அந்தக் கண் எப்படி வரும்?

1985-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் கிளம்பியபோது டொரண்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பழுது. கையடக்க முகர்வுக் கருவியால் பெட்டிகளைச் சோதித்தவர்கள் ஒப்பந்தக் காவலர்கள். கருவி சத்தம் கொடுத்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சத்தம் கொடுத்த பெட்டியும் உள்ளே போனது. நடுவானில் குண்டு வெடித்துச் செத்தவர்கள் 329 பேர். நம் நாட்டில் மாநிலப் போலீசிடம் இருந்த வேலை சி.ஐ.எஸ்.எப். கைக்கு வந்ததும் 1999 டிசம்பர் காந்தகார் கடத்தலுக்குப் பிறகுதான்.

அதற்காகக் காக்கிச் சட்டை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 2001-க்குப் பின் சோதனை அரசிடம் போனது. 2015-இல் மாறுவேடத்தில் ஆளனுப்பிப் பார்த்தார்கள். 70 முறையில் 67 முறை ஆயுதமும் போலி வெடிகுண்டும் தப்பிப் போயின. சான்பிரான்சிஸ்கோவிலோ அரசு மேற்பார்வையில் தனியார்தான் இன்றும் சோதிக்கிறார்கள். அந்த 67 வெளியே கசிந்ததால்தான் அமெரிக்க அரசின் சோதனைத் துறையில் தலைமை மாறியது, ஊழியர்களுக்கு மறுபயிற்சி கிடைத்தது. இங்கேயும் அப்படி ஆளனுப்பிப் பார்த்து, ஆண்டுக்கு எத்தனை தடவை தவறவிட்டார்கள் என்ற கணக்கையாவது நாடாளுமன்றத்தில் வைக்கலாமே. எந்த ஊரில், எப்படி என்றெல்லாம் சொல்ல வேண்டாம். டிக்கெட்டோடு பாதுகாப்புக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறார்களே, கேட்க நமக்கு உரிமை இல்லையா?

ராமநாதபுரம் பக்கமே விமான நிலையம் வரும் என்று பேச்சு இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படை ஓடுதளம் ஏற்கெனவே இருப்பதால் நம்பலாம் போலிருக்கிறது. வந்தால் தட்டு எடுத்து வைக்கவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் ஒப்பந்த ஆட்களைப் போடட்டும், நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும். திரை முன் நாற்காலியை மட்டும் ஏலம் விட வேண்டாம்.

— ஒரு வாசகர், கீழக்கரை