தேசிய அரங்கின் புல்தரைக்கு ஓய்வு நாள்கள் வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
காற்பந்துப் பயிற்சியாளர்கள், பெற்றோர்கள்,
புக்கிட் ஜாலில், ஸ்ரீ பெட்டாலிங் வட்டாரம்,
கோலாலம்பூர்.

பெறுநர்:
மாண்புமிகு இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் அவர்கள்,
புத்ராஜெயா.

பொருள்: புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் இசை நிகழ்ச்சிக்கும் அதை அடுத்து வரும் காற்பந்தாட்டத்துக்கும் இடையே கட்டாய இடைவெளி வகுக்கக் கோருதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

1998-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டு, 85,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய புக்கிட் ஜாலில் அரங்கம், நம் தேசிய அணியின் தாய்வீடு. 2010 டிசம்பர் 26 அன்று, கே. ராஜகோபால் பயிற்றுவித்த நம் தேசிய அணியான ஹரிமாவ் மலாயா இந்தோனேசியாவை 3–0 என வீழ்த்தி, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது இந்தத் திடலில்தான். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த இரவைப் பற்றி இன்றும் சொல்லிவருகிறோம்.

இசை நிகழ்ச்சிகளை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய அரங்கை ஆண்டில் சில நாள்கள் நடக்கும் ஆட்டங்களை மட்டுமே நம்பி நடத்த முடியாது என்பதை அறிவோம். எங்கள் பிள்ளைகளும் அந்நிகழ்ச்சிகளுக்கு ஆசையோடு போய்வருகிறார்கள். எங்கள் கவலையெல்லாம் நாள்களின் நெருக்கத்தைப் பற்றியது. 2023 நவம்பர் 16-இல் கிர்கிஸ்தானுடன் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டம், 22-இல் கோல்ட்பிளே இசைக்குழுவின் நிகழ்ச்சி, டிசம்பர் 8-இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் என ஒரே புல்தரை நான்கு வாரங்களுக்குள் மூன்று பெரும் கூட்டங்களுக்குப் பயன்பட்டது.

மேடையும் பார்வையாளர்களும் திடலுக்குள் வரும்போது புல்லின்மேல் பலகைகள் விரிக்கப்படுகின்றன. அவை எடையைப் பரப்பித் தாங்கினாலும் வெளிச்சத்தையும் காற்றையும் தடுத்துவிடுகின்றன. மேடைப் பொருள்களை ஏற்றிவரும் வாகனங்களால் மண் இறுகிவிட்டால், நம் ஊர் மாலை மழை உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். இப்போது அரங்கில் உள்ள சோய்சியா வகைப் புல் மிதிபடுவதைத் தாங்கும் என்றாலும், ஒருமுறை சிதைந்தால் மெதுவாகவே மீண்டும் வளரும். வேறொரு சிறிய திடலில் நிகழ்ச்சி முடிந்து பலகைகளைத் தூக்கியபோது நாங்கள் அருகில் நின்று பார்த்தோம். அடியில் புல் சதுரம் சதுரமாக மஞ்சளித்து, புழுங்கிய வாடை வீசியது. அதே திடலில் பின்னர் ஆடிய எங்கள் கோல்காவலர் சிறுவன், பந்து எதிர்பாராத பக்கம் எகிற, பாய்ந்து விழுந்து முழங்கை தேய்ந்து எழுந்தான். தேசிய அணி வீரருக்கு அப்படியொரு தரையில் முழங்கால் திரும்பினால் அவர் ஒரு பருவம் முழுவதையும் இழக்க நேரிடும்.

ஆகவே, பலகைகள் அகற்றப்பட்ட நாளிலிருந்து அடுத்த ஆட்டம் வரை குறைந்தது இத்தனை நாள் என்று புல்தரை வல்லுநர்களைக் கலந்து வரையறுத்து, அதை அரங்கின் வாடகை ஒப்பந்தத்திலேயே சேர்க்குமாறு வேண்டுகிறோம். நிகழ்ச்சிக்குத் தேதி ஒதுக்குமுன் திடல் பராமரிப்புப் பொறுப்பாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் பெறப்பட வேண்டும். வெயிலிலும் மழையிலும் அந்தப் புல்லோடு இருப்பவர் அவரே என்பதால், அவர் சொல்லுக்கு விற்பனைப் பிரிவின் சொல்லுக்கு நிகரான எடை இருப்பதே நியாயம். சீரமைப்புச் செலவுக்கான முன்பணத்தை ஏற்பாட்டாளர்களிடமிருந்து பெற்று, திடல் சோதிக்கப்பட்ட பின்னரே திருப்பித் தரலாம். ஆண்டு முழுவதற்குமான ஆட்ட, நிகழ்ச்சி அட்டவணையை முன்கூட்டியே பொதுமக்களுக்கு வெளியிட்டால், நெருக்கமான தேதிகளை எல்லாரும் முதலிலேயே சுட்டிக்காட்ட வாய்ப்பிருக்கும்.

இது குறித்து நேரில் விளக்க எங்கள் பயிற்சியாளர்கள் சிலருக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
மனுதாரர்கள்