சொர்க்கம் நிரந்தர இருப்பிடம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆன்மிக இணைப்பில் மேலுலகங்கள் குறித்து வெளியான கட்டுரை, சொர்க்கத்தையும் வைகுண்டத்தையும் ஒன்றாகவே பாவித்து, நற்செயல் புரிந்தோர் சொர்க்கத்தில் என்றென்றும் வாழ்வர் என்று முடித்திருந்தது. புண்ணியம் தீர்ந்ததும் சொர்க்கவாசிகள் மண்ணுலகுக்கே திரும்புகின்றனர் என்று பகவத்கீதையின் 9-ஆம் அத்தியாயம் வெளிப்படையாகவே கூறுகிறது. 8-ஆம் அத்தியாயமோ பிரம்மலோகம் வரையுள்ள எல்லா உலகங்களுக்கும் இதே கதிதான் என்கிறது.

மகாபாரத வனபருவத்தில் வரும் முத்கலரின் கதையைக் கட்டுரையாளர் எப்படி விட்டார் என்பது வியப்பாக உள்ளது. சிந்திய தானியங்களைப் பொறுக்கி உஞ்சவிருத்தியில் வாழ்ந்த அம்முனிவரிடம் துர்வாசர் ஆறு முறை வந்து, இருந்த உணவையெல்லாம் உண்டு தீர்த்தும், அவர் முகம் சுளிக்கவில்லை. அதன் பயனாக அன்னங்கள் பூட்டிய விமானத்துடன் தேவதூதன் வந்து நின்றபோது, உடனே ஏறிவிடாமல், சொர்க்கத்தின் நிறை குறைகளைச் சொல்லும்படி கேட்கிறார். பசியில்லை, மூப்பில்லை, வியர்வைகூட இல்லை என்று அடுக்கிய தூதன் குறைகளையும் மறைக்கவில்லை: அங்கே புதிதாகப் புண்ணியம் தேட வழியில்லை, சேர்த்ததைச் செலவழிக்க மட்டுமே முடியும், தம்மினும் ஒளி மிக்கவரைக் கண்டு மனம் புழுங்கும், காலம் முடியும்போது கழுத்து மாலை வாடும், அச்சம் பற்றும், கீழே விழ நேரும். முத்கலர் தூதனை வணங்கித் திருப்பி அனுப்பிவிட்டு, ஞான வழியில் நின்று முக்தி எய்தினார்.

குடியிருப்பவர்கள் இருக்கட்டும், அங்கே அரசனுக்கே பதவி நிலையில்லை. புராணக் கணக்கில், பிரம்மாவின் ஒரு பகலான கல்பத்தில் வரும் 14 மன்வந்தரங்களுக்கும், அதாவது மனுக்களின் ஆட்சிக் காலங்களுக்கும், வெவ்வேறு இந்திரர்கள். இப்போதைய இந்திரனான புரந்தரனுக்குப் பின் அப்பதவி மகாபலிக்கு உரியது. இடையில் இந்திரனாக அமர்த்தப்பட்ட நகுஷன், முனிவர்களைப் பல்லக்குச் சுமக்க வைத்த செருக்கினால் அகத்தியரின் சாபம் பெற்று மலைப்பாம்பாக விழுந்தான்.

வைகுண்டம் இவ்வரிசையில் அடங்காது; மீண்டு வருதல் இல்லாத வீடுபேறாகவே வைணவர் அதைக் கொள்கின்றனர். வேள்வியை முதன்மையாகக் கொண்ட பூர்வ மீமாம்சகர்களுக்குச் சொர்க்கமே பெரும்பயனாக இருந்தது என்பது உண்மைதான். கட்டுரையாளர் அம்மரபைச் சுட்டி எழுதியிருந்தால் எனக்கு மறுப்பு இருந்திராது. அவரோ அனைத்து மரபுகளுக்கும் பொதுவாக எழுதிவிட்டார்.

தொடரின் அடுத்த பகுதி நரகங்களைப் பற்றியது என அறிவித்துள்ளீர்கள். புராணங்களின்படி அங்கும் தண்டனை வினை தீரும் வரையில்தான் என்பதை அதில் தெளிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்