கதவைச் சாத்துங்க சிஸ்டர்

ஈரோடு,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள சாவித்திரிக்கு,

உன் மகள் பெரியவளான தெரட்டிச் சீருக்கு நான் வராததற்கு நீ திட்டித் தீர்த்திருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். லீவு எழுதிக் கொடுத்து, சேலைகூட எடுத்து வைத்திருந்தேன். முதல் நாள் ராத்திரி எங்கள் வார்டை ஒட்டித் தீப்பிடித்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா உன்னைக் கேட்டாள்.

மணி இரண்டே முக்கால் இருக்கும். இரண்டாம் மாடி ஆண்கள் வார்டு, 18 பேர், அதில் 4 பேர் ஆக்சிஜனில். பதினோராம் பெட் தாத்தாவுக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தேன், பிளாஸ்டிக் கருகும் வாடை. பக்கத்து டூட்டி ரூம் கதவு பாதி திறந்து கிடக்கிறது. உள்ளே ஏசி ஸ்டெபிலைசர் எரிந்து, கீழே இருந்த மெத்தை ஓரத்துக்குத் தீ இறங்கிவிட்டது. கரும்புகை மேல்சுவரை ஒட்டியே வார்டுப் பக்கம் ஊர்ந்து வருகிறது. என் ஜூனியர் பெண் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கி வந்து கைப்பிடியை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறாள், பின்னைப் பிடுங்கவே இல்லை. நான் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது வந்தார் ரங்கக்கா. எங்கள் துப்புரவு அக்கா. கையில் துடைப்பான், வாளி. "உள்ள ஆராச்சும் இருக்காங்களா?" என்றார். இல்லை என்றதும் கதவை இழுத்துச் சாத்தினார். "கதவைச் சாத்துங்க சிஸ்டர், தொறந்து வெச்சுப் பாத்துட்டு நிக்காதீங்க. காத்து உள்ள போனா தீ எந்திரிச்சுக்கும்." ஒரு பெட்ஷீட்டை வாளித் தண்ணீரில் முக்கிக் கதவடி இடுக்கில் திணித்தார். வார்டுக்குள் புகை வருவது அப்படியே குறைந்துபோனது. அதற்கு அப்புறம்தான் எனக்குக் கைகால் வந்தது.

பிறகு விசாரித்தால், அக்கா இங்கே வருவதற்கு முன்னால் 16 வருஷம் பஞ்சாலையில் இருந்திருக்கிறார், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமில். பஞ்சோடு ஒரு சின்ன இரும்புத் துண்டு வந்து மிஷினில் உரசினால் போதுமாம், பொறி காற்றோடு குழாய் வழியே அடுத்த மிஷினுக்குப் போய்விடுமாம். அதனால் அங்கே முதல் வேலை மிஷினையும் ஃபேனையும் நிறுத்துவது, கதவை அடைப்பது. தண்ணீரெல்லாம் அப்புறம். நம் ஊரில் மில்லில் வேலை பார்த்த எத்தனை பேர் இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் கூட்டிப் பெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள்! அவர்களுக்குத் தெரிந்ததை நாம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

நோயாளிகளைக் கீழே இறக்கவில்லை. தீ இருந்த அறையை ஒட்டிப் படுத்திருந்தவர்களை முதலில் எடுத்தோம். நடக்க முடிந்தவர்களை ஒரு அட்டெண்டர் தம்பி பின்னால் அனுப்பினோம். எல்லோரையும் அதே மாடியில் தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கும் வார்டுக்கு நகர்த்தினோம். நர்சிங் படிக்கும்போது கண்ணாடி மேடம் பெட்ஷீட்டோடு ஆளைத் தரையில் இறக்கி, தலைப்பக்கம் பிடித்து இழுக்கச் சொல்லிக் கொடுத்தாரே, அன்றைக்கு நீ என்னை ஹாஸ்டல் வராந்தா முழுக்க இழுத்துக்கொண்டு போனாயே, அது இரண்டு பேருக்கு உதவியது. ஆனால் அந்தத் தீத்தடுப்புக் கதவு மூடவில்லை, சாவித்திரி. காற்று வரட்டும் என்று யாரோ அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், ஒரு நாளும் எடுத்ததில்லை.

ஆக்சிஜன்தான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. குழாயில் வரும் ஆக்சிஜனை நிறுத்துகிற வால்வுப் பெட்டி வராந்தாவில் என் கண் முன்னால் இருக்கிறது. மூடினால் நான்கு பேருக்கும் நின்றுவிடும். மூடாவிட்டால், காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் கூடினாலே போர்வையும் துணியும் எப்படிப் பற்றும் என்று நாம் படித்திருக்கிறோம். நான்கு பேரையும் ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு மூட வேண்டும். சிலிண்டர் இருந்தது, திறக்கிற சாவி இல்லை! மூன்று டிராயர் தேடி, நான்காவதில் கத்தரிக்கோலுக்கு அடியில் கிடைத்தது. அந்த நேரம் தாத்தா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நான் போகமாட்டனல்லோ கண்ணு?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்தார், செக்யூரிட்டி அண்ணன் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கொண்டுவந்து அடித்தார், அடங்கியது. 101-க்கு யாராவது கூப்பிட்டார்களா என்று பார்த்தால், எல்லோரும் எங்கள் மேலிடத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கிறோம். தீ சிறியதாக இருந்தது, தப்பினோம்.

அடுத்த வாரமே பயிற்சி வைத்தார்கள். பகல் 11 மணிக்கு, மொட்டை மாடியில், ஒரு டின்னில் தீ வைத்து அணைத்துக் காட்டி, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கினார்கள். பட்டியலில் ரங்கக்கா பெயர் இல்லை. கான்ட்ராக்ட் ஆளாம். செக்யூரிட்டி அண்ணன் பெயரும் இல்லை. அன்றைக்கு ராத்திரி தீயை நிறுத்திய இரண்டு பேருமே பட்டியலில் இல்லை. எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ராத்திரியில் ஒரு மாடிக்கு நர்ஸ் எத்தனை பேர் இருப்போம்? மீதியெல்லாம் அக்காமார், செக்யூரிட்டி, லிஃப்ட் பையன், நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள். தீ என்றதும் அன்றைக்குத் துணைக்கு வந்தவர்கள் லிஃப்டுக்குத்தான் ஓடினார்கள். திண்டுக்கல்லில் 2024 டிசம்பரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 6 பேர் போனார்களே, லிஃப்டில் சிக்கியவர்களும் அதில் உண்டு. கொல்கத்தா தாகுரியாவில் 2011-ல் 90 பேர் அளவுக்குச் செத்தார்கள், பெரும்பாலோர் புகையில்தான்.

விடவில்லை நான். மேலே போய்ப் பேசினேன், இரண்டாவது முறையும் பேசினேன். போன வியாழன் ராத்திரி 2 மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், எங்கள் மாடியில் ஒத்திகை நடந்தது. ரங்கக்காதான் முன்னால் நின்று கதவு அடைப்பதைக் காட்டினார். கண்ணாடி மேடம் நமக்குச் சொன்ன RACE என்ற இங்கிலீஷ் எழுத்து அக்காமாருக்கு மனதில் நிற்கவில்லை என்று நான் நான்கு 'அ'வாகச் சொல்லிக் கொடுத்தேன்: ஆளை எடு, அலாரம் அடி, அறையை அடை, அப்புறம் அணை. லிஃப்ட் பையன் நெடிலைக் குறிலென்கிறேன் என்று பிடித்துக்கொண்டான். அணைப்பதைக் கடைசியில் ஏன் வைத்தேன் என்று கேட்டான், தீயணைக்கும் சிலிண்டர் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதை அடிக்கப் போய் ஆளை விட்டுவிடக் கூடாது என்றேன். சாவியெல்லாம் இப்போது அந்தந்த ஆக்சிஜன் சிலிண்டர் கழுத்திலேயே கயிற்றில் தொங்குகிறது. செங்கல்லை அக்கா எடுத்துப்போய்ச் செடித்தொட்டிக்கு அண்டை வைத்துவிட்டார்.

கோபியில் சூப்பரின்டென்டென்ட் ஆனபிறகு நீ ராத்திரி ரவுண்ட்ஸ் போவதே இல்லை என்று கேள்வி. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்குப் போ. உன் வார்டில் சாவி எங்கே இருக்கிறது, கதவுக்கடியில் என்ன இருக்கிறது, ராத்திரி ஆள்களில் யாரெல்லாம் மில்லில் இருந்தவர்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. சீர்ச் சேலையை நானே கொண்டுவந்து தருகிறேன், அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு. கச்சாயம் சுட்டு வை.

உன்,
பார்வதி