ஆரஞ்சு வரிசையைக் கேட்டு வாங்கு

அன்பு மகள் மலர்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பாவின் இருமலும் குறைந்துவிட்டது. சனிக்கிழமை இரவு அறைத்தோழிகளோடு மோனோபோலி என்ற, சொத்து வாங்கி விற்கும் பலகை ஆட்டம் ஆட உட்கார்ந்து, ஆடிய நேரத்தைவிட விதிகளைப் பற்றி வாதாடிய நேரமே அதிகம் என்று எழுதியிருந்தாய். வங்கியில் அடமானக் கடன் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் தீர்ப்பு சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறாய். சொல்கிறேன், ஆனால் உன் பக்கம் முழுவதுமாகச் சாய மாட்டேன்.

அபராதமும் வரியும் பலகையின் நடுவே சேர்ந்து, ஃப்ரீ பார்க்கிங் கட்டத்தில் வந்து நிற்பவருக்கே அந்தப் பணம் முழுவதும் போக வேண்டும் என்று உன் தோழி சொல்வது உலகமெங்கும் வீடுகளில் வழங்கும் பழக்கம்தான் என்றாலும், விதிப்புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் கட்டத்தில் நின்றால் ஒன்றும் வராது, ஒன்றும் போகாது. அபராதம் வங்கிக்கே சேரும். இதில் பிடிவாதம் எதற்கு என்று நீ கேட்கலாம். நொடித்துப் போக வேண்டியவர் கையில் திடீரென்று சில நூறு டாலர் விழுந்தால் அவர் மேலும் ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டிருப்பார். இந்த ஆட்டம் விடிய விடிய முடியாது என்ற கெட்ட பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம் இந்தத் தானம்தான்.

மீதிக் காரணம் ஏலத்தைக் கைவிட்டது. ஒரு சொத்தில் வந்து நின்றவர் அதை வாங்க மறுத்தால், அடுத்தவர் பகடையை எடுக்கக் கூடாது. வங்கி அப்போதே அதை ஏலம் விட வேண்டும். மறுத்தவரும் அதில் கலந்துகொள்ளலாம், குறித்த விலைக்குக் கீழேயும் கேட்கலாம். உங்கள் அறையில் இப்படி ஒரு விதி இருப்பதே ஒருவருக்கும் தெரியவில்லை என்று படித்தபோது சிரித்துவிட்டேன். மூன்று பேர் கையிலும் பணம் வறண்டிருக்கும் வேளையில், ஒரு தரம், இரண்டு தரம் என்று எண்ணுவதற்குள் 200 டாலர் ரயில் நிலையம் பாதி விலைக்குப் படிந்துவிடும். கையில் ரொக்கம் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல சந்தை கிடைக்காது.

கடன் விஷயத்தில் நீ சொன்னது சரி. ஆடுபவர்கள் தங்களுக்குள் கடன் கொடுக்கக் கூடாது. கடன் என்றால் வங்கியில் சொத்தை அடமானம் வைத்து வாங்குவது மட்டுமே. பாதி விலை கிடைக்கும், மீட்கும்போது பத்து சதவீத வட்டி சேரும். நிஜ வங்கியில் இப்படி ஒரே தடவை வட்டி வாங்கிக்கொண்டு பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் எங்கள் மேலாளர் என்ன சொல்லியிருப்பாரோ! ஜெயில் கட்டத்தில் அடைபட்டிருப்பவருக்கு, அவர் மனையில் வந்து நிற்பவர் வாடகை தர வேண்டியதில்லை என்ற உன் வாதம் மட்டும் செல்லாது. உள்ளே இருந்தாலும் வாடகை வாங்கலாம். ஆனாலும், வாங்குவதற்குச் சொத்துகள் மிச்சமிருக்கும் தொடக்கத்தில் 50 டாலர் கட்டி உடனே வெளியே வர வேண்டும். பலகை முழுவதும் வீடுகள் எழும்பிய பிறகு உள்ளேயே இருப்பதுதான் லாபம்.

விதிச் சண்டை உங்களோடு தொடங்கியதும் இல்லை. நீ இருக்கும் ஃபிலடெல்ஃபியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் வாழ்ந்த சார்லஸ் டாரோ என்பவர்தான் 1935-இல் இந்த ஆட்டத்தை பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். ஆனால் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904-லேயே நிலக்கிழார் ஆட்டம் என்ற பொருள்படும் பெயரில் இதன் மூலத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நிலம் சிலர் கையில் குவிவதன் கேட்டைக் காட்டவே அதை உருவாக்கினார். எல்லோரும் செழிக்க ஒரு விதித்தொகுப்பு, ஒருவரே அனைத்தையும் விழுங்க இன்னொன்று என இருவகையாகவும் ஆட வழி செய்தார். கடைசியில் விழுங்கும் விதிதான் விற்றது. அவருடைய காப்புரிமைக்கு அந்த நிறுவனம் கொடுத்தது 500 டாலர்.

இனி நீ கேட்ட பேரத்துக்கு வருகிறேன். ஒரே நிற மனைகள் எல்லாம் சேர்ந்து வரிசை நிறைந்தால்தான் வீடு கட்டலாம். ஆரஞ்சு வரிசையில் செயின்ட் ஜேம்ஸ், நியூயார்க் இரண்டும் உன்னிடம், டென்னசி உன் தோழியிடம். கருநீலத்தில் பார்க் பிளேஸ் உன்னிடம், போர்டுவாக் அவளிடம். பார்க் பிளேஸைக் கொடுத்து டென்னசியை வாங்கினால் பலகையிலேயே விலை உயர்ந்த வரிசை அவளுக்குப் போய்விடுமே என்று தயங்குகிறாய். தயங்காதே, ஆனால் அவள் கையில் இருக்கும் ரொக்கத்தைப் பார்த்துவிட்டுச் செய். உன்னிடம் 1,100 டாலரும் அவளிடம் 400 டாலரும் இருப்பதாக எழுதியிருக்கிறாய். கருநீலத்தில் ஒரு வீட்டுக்கு 200 டாலர் ஆவதால், அவளால் மனைக்கு ஒன்றாக இரண்டு வீடுகளே கட்ட முடியும். போர்டுவாக்கில் ஒரு வீட்டுக்கு வாடகை 200 டாலர்தான். ஆரஞ்சில் வீடு 100 டாலர். 900 டாலரில் மனைக்கு மூன்று வீடு எழுப்பிவிடலாம், அவளுக்கு ஒருமுறை வாடகை கொடுக்கும் அளவுக்கு 200 டாலர் மிஞ்சும். செயின்ட் ஜேம்ஸில் இரண்டு வீட்டுக்கு 200 டாலராக இருக்கும் வாடகை மூன்றாவது வீட்டில் 550 ஆகத் தாவுகிறது. நான்காவது வீடு அதோடு 200 மட்டுமே கூட்டும். ஆகவே மூன்றில் நிறுத்து, பணம் சேர்ந்த பிறகு மேலே போ.

ஆரஞ்சுக்கு இவ்வளவு மதிப்பு ஜெயிலால் வருகிறது. மற்ற எந்தக் கட்டத்தையும்விட அங்கேதான் காய்கள் அதிகம் வந்து நிற்கும். அங்கிருந்து ஆறு, எட்டு, ஒன்பது விழுந்தால் உன் மனைகள். இரண்டு பகடைகளின் 36 சேர்க்கைகளில் 14 இந்த மூன்று எண்களுக்குரியவை. அடுத்தவர் பகடை உருட்டுவதற்கு முன்னால், முறைகளுக்கு இடையிலும் வீடு கட்டலாம் என்பதை மறந்துவிடாதே. அவளுடைய காய் ஜெயிலிலோ அதன் பக்கத்திலோ நிற்கும்போது பேரத்தை முடித்து உடனே கட்டு.

கட்டிய பிறகு ஹோட்டலுக்கு அவசரப்படாதே. வங்கியில் இருப்பவை மொத்தம் 32 வீடுகள். ஹோட்டல் வைத்தால் மனைக்கு நான்கு வீடுகள் வங்கிக்குத் திரும்பி, அவளுக்குக் கிடைத்துவிடும். ஆரஞ்சில் நான்கு நான்காகப் பன்னிரண்டும், வெளிர்நீலம் கிடைத்தால் அதில் இன்னொரு பன்னிரண்டும் உன்னிடம் நின்றால், மற்றவர்களுக்கு எட்டு வீடுகள்தான். அவள் கையில் பணம் இருந்தாலும் கட்ட வீடு இராது. பதிலுக்கு, உன் வீடுகளை வங்கிக்குத் திருப்பி விற்க நேர்ந்தால் பாதி விலைதான் வரும். ஆகையால் அந்த 200 டாலரை வேறு எதிலும் போடாமல் கையில் வைத்துக்கொள்.

அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று எழுது. டென்னசிக்கு அவள் பார்க் பிளேஸோடு இன்னும் நூறு டாலர் கேட்டால் மறுத்துவிடு. ஐம்பது வரை போகலாம்.

அன்புடன்,
அம்மா