இடது இறக்கையின் பதினொரு துளைகள்: மாற்றித் தாருங்கள், அல்லது கையொப்பமிட்டுத் தாருங்கள்

உவர்மலை,
திருகோணமலை.
14.07.2025

முகாமைப் பணிப்பாளர் அவர்களுக்கு,
இலகுரக விமானத் தொகுதிகளின் முகவர் நிறுவனம்,
கொழும்பு.

விடயம்: பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் இரண்டு இருக்கை விமானத் தொகுதி – இடது இறக்கையின் பிரதான ஸ்பாரில் (இறக்கையைத் தாங்கும் நீள் உத்தரம்) ஓரத்துக்கு மிக நெருங்கிய துளைகள், தலைக்குறி இல்லாத போல்ட்டுகள்

ஐயா,

கடந்த மாதம் 23ஆம் திகதி உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசியவர், என் முறைப்பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு, "அது பரவாயில்லை, நீங்கள் பூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். அந்தப் 'பரவாயில்லை'யை ஒரு தாளில் எழுதி, கீழே பெயரும் பதவியும் இட்டு, கையொப்பம் வைத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதன்பின் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். மூன்றுக்கும் 'உங்கள் கருத்தை மதிக்கிறோம்' என்ற ஒரே பதில், அதிலிருந்த எழுத்துப்பிழை கூட மாறாமல் வந்தது. ஆகவே இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் பொழுது போகாமல் விமானம் வாங்கியவன் அல்லன். முப்பத்தொரு வருடங்களாக மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களையும் பைபர் படகுகளையும் திருத்திவருகிறேன். நான் திருத்திய இயந்திரம் நடுக்கடலில் நின்றால் படகு மிதக்கும்; பக்கத்தில் போகும் வள்ளம் கட்டி இழுத்து வரும். ஆகாயத்தில் அந்த வசதி இல்லை. இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்கள் அலுவலகத்துக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் நிலாவெளியில் இருந்த காணியை விற்ற பணத்தை உங்களிடம் தந்தேன்.

பெட்டிகள் ஜனவரி மாதக் கடைசியில் லொறியில் வந்தன. வந்த மூன்றாம் நாள் திறந்தோம். தங்கையின் மகள் ஒவ்வொரு பாகத்தையும் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டு அடையாளமிட்டாள். படகுக் கொட்டகையில் மேசை போட்டு வலது இறக்கையில் தொடங்கினோம். அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் ஆள் அதை ஏதோ அலுமாரி பூட்டுவது போலப் பேசினார்.

6061-டி6 ரக அலுமினியத் தகட்டின் மேலுள்ள நீலப் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க வேண்டும். ஆலையில் போட்டுவந்த ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் உள்ள பிசிறை இரு பக்கமும் எடுக்க வேண்டும். பிசிறை விட்டால் பின்னொரு நாள் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ஓரங்களை அரத்தால் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். கழுவி, உலர்த்தி, பிரைமர் பூச வேண்டும். அதன்பின் கிளிக்கோக்கள் என்னும் பிடிப்பான்களைத் துளைகளில் செருகித் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்து, நேர் பார்த்து, முறுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தகடுகளை நிரந்தரமாக இணைக்கும் முதல் ரிவெட் ஆணி. வலது இறக்கைக்கு இப்படியே நான்கு மாதம் போயிற்று. பகலில் படகு வேலை, இரவு எட்டு மணிக்குப் பிறகு இறக்கை. வைகாசிக் கச்சான் காற்றில் கொட்டகைக்குள் புழுதி அடிக்கும் என்பதால் நான்கு பக்கமும் பழைய பாய்மரத் துணி கட்டினோம். ஒவ்வொரு இரவும் செய்த வேலை, திகதியோடும் படத்தோடும் குறிப்பேட்டில் இருக்கிறது. வலது இறக்கையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் செய்தவர்களின் கை சுத்தமான கை.

ஜூன் 15ஆம் திகதி இடது இறக்கையின் பிரதான ஸ்பாரை மேசையில் வைத்தோம். கறுப்புக் கிளிக்கோக்களைச் செருகிக்கொண்டு வந்தவள், அடிப்பக்கத்துக்கு வந்ததும் நின்றாள். "மாமா, இங்கே துளைகள் ஓரத்துக்குப் போகின்றன" என்றாள். நுண்ணளவு பார்க்கும் வெர்னியரை எடுத்தோம்.

உங்கள் கட்டுமானக் கையேட்டிலேயே உள்ள விதி இது: ரிவெட் துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை, ரிவெட் விட்டத்தின் இரு மடங்காவது இருக்க வேண்டும். இங்கே பயன்படுவது 5/32 அங்குல ரிவெட், அதாவது ஏறத்தாழ 4 மி.மீ. ஆகவே 8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. வலது ஸ்பாரில் அதே இடத்தில் 8.4 முதல் 8.6 வரை இருக்கிறது. இடது ஸ்பாரில், உடலோடு சேரும் முனையிலிருந்து எண்ணினால் முதல் பதினொரு துளைகளில் 5.7 முதல் 6.3 வரைதான். ஒன்றரை மடங்கைச் சுற்றித்தான் நிற்கிறது. சுமை ஏறும்போது ரிவெட் அறுவதற்கு முன்பே தகட்டின் ஓரம் கிழிந்து வழிவிடக்கூடிய நிலை. அதுவும் எந்த இடத்தில்? இறக்கையின் வளைவுவிசை முழுவதும் வந்து சேரும் அடிப்பக்கத்தில். உங்கள் கையேட்டின்படி விமானத்தின் உச்ச எடை 600 கிலோ, தாங்க வேண்டிய சுமை 4 ஜீ, அதாவது அந்த எடையின் நான்கு மடங்கு. பெருக்கிப் பாருங்கள், 2,400 கிலோ. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்புக் காரணி வைத்து 3,600 கிலோவுக்கு வடிவமைத்த ஸ்பார் இது. அந்தக் கணக்கைப் போட்ட பொறியியலாளர் 8 மி.மீ. என்று நம்பித்தான் போட்டிருப்பார்.

"துளையை நீங்களே பிழையாகப் போட்டிருக்கலாம்" என்றும் உங்கள் ஆள் சொன்னார். முப்பத்தொரு வருடம் துளையிட்டவனிடம் இதைச் சொன்னதை மன்னிக்கிறேன்; ஆனால் பதில் சொல்லாமல் விடமாட்டேன். கையால் போடும் துளை தவறினால் ஒன்று அங்கும் ஒன்று இங்குமாகச் சிதறும். இந்தப் பதினொன்றும் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. கோடு நேர்தான், தகட்டின் ஓரத்துக்குச் சமாந்தரமாக இல்லை. தகடு இயந்திரத்தின் பிடிப்பில் சரியாக உட்காராமல் சாய்ந்திருந்தபோது போட்ட துளைகள் இவை. பெட்டிகள் வந்த மூன்றாம் நாள், திறந்தபோதே எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் அதே சாய்வு அதில் தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்குத் தூக்கம் கெட்டது இதனால்தான். நான்காவது, ஐந்தாவது துளைகள் வட்டமாக இல்லை. எட்டு என்ற இலக்கம் போல இரண்டு துளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. யாரோ ஒருவர் தவறைக் கண்டிருக்கிறார். சரியான இடத்துக்கு இழுக்க முயன்றிருக்கிறார். முடியாமற் போனதும் துடைத்து, படலம் ஒட்டி, பெட்டியில் வைத்துவிட்டார். தவறு யாருக்கும் நேரும். கண்ட தவறை மூடி அனுப்புவதற்கு எனக்கு வேறு பெயர் தெரியும், கடிதத்தில் எழுதமாட்டேன்.

உங்கள் பிரிவு தந்த தீர்வு, "அடுத்த அளவு பெரிய ரிவெட்டைப் போடுங்கள்" என்பது. 3/16 அங்குல ரிவெட்டின் விட்டம் 4.8 மி.மீ. அதற்கு வேண்டிய ஓர இடைவெளி 9.6. என்னிடம் இருப்பதோ 6. அதாவது ஒன்றரை மடங்காக இருந்த குறை, ஒன்றேகால் மடங்காக மேலும் மோசமாகும். கையேட்டை எழுதியவர்களும் தொலைபேசியை எடுப்பவர்களும் ஒரே நிறுவனத்துக்காகத்தான் வேலை செய்கிறார்களா என்று எனக்கு ஐயம் வந்தது அப்போதுதான்.

அடுத்து, கடற்காற்று. "திருகோணமலையில் உப்புக் காற்று அதிகம், அதனால் பாகங்களில் மாற்றம் வரலாம்" என்று இரண்டாவது அழைப்பில் ஒரு விளக்கம் வந்தது. கடற்காற்றைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அது அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்க வைக்கும், உருக்கைத் தின்னும், இயந்திரத்தின் வயரைப் பச்சையாக்கும். துளையைத் தூக்கி ஓரத்துக்கு நகர்த்தி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அதே காற்று உங்கள் போல்ட்டுகளைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டது. வலது இறக்கைக்கு வந்த ஏ.என்.3 ரகப் போல்ட்டுகள் கட்மியம் பூசியவை. தலையில் விமானத் தரத்துக்கான சிலுவைக் குறி இருக்கிறது. ஆறு மாதமாகக் கொட்டகையில் கிடக்கின்றன, ஒரு புள்ளி துரு இல்லை. இடது இறக்கைக்கு வந்த பைக்கற்றில் இருபத்துநான்கு போல்ட்டுகளின் தலை மொட்டை. பைக்கற்றின்மேல் உங்கள் கொழும்பு முகவரியோடு புதிய ஸ்டிக்கர். மேசையில் கொட்டிய மூன்றாம் கிழமை துரு பிடித்துவிட்டது. இதே அளவில், இதே பளபளப்பில் போல்ட்டுகளை எங்கள் ஊர் இரும்புக் கடையிலேயே எடுக்கலாம். அங்கே அவற்றை இரும்புக் கடைப் போல்ட்டு என்றுதான் சொல்லி விற்கிறார்கள்.

"வீட்டில் கட்டும் விமானத்துக்குக் கட்டுபவர்தான் பொறுப்பு" என்ற வாசகத்தை நீங்கள் ஒவ்வொரு பதிலிலும் சேர்க்கிறீர்கள். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம், இத்தகைய விமானத்தின் பெரும்பகுதி வேலையைக் கட்டுபவரே, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்கிறது. 51 சதவீத விதி என்று அதைத்தான் சொல்வார்கள். என் 51 சதவீதத்துக்கு நான் பொறுப்பு. குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் என் கையொப்பம் இருக்கிறது. ஸ்பார் உங்கள் 49இல் வருகிறது. அதில் யாருடைய கையொப்பம் இருக்கிறது?

முப்பது நாள் முறைப்பாட்டுக் காலம் முடிந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். அந்த நிபந்தனை பாகங்கள் குறைவதற்கும் போக்குவரத்தில் நசுங்குவதற்கும் பொருந்தலாம். படலத்துக்குள் இருக்கும் ஸ்பாரில் இரண்டரை மி.மீ. பிழையைப் பொருத்தும்போதுதான் காண முடியும். பொருட்கள் விற்பனைக்கென 1896ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. விவரித்துச் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தையும் வாசித்துவைத்திருக்கிறேன்.

கடைசி அழைப்பில் உங்கள் ஆள் சிரித்துக்கொண்டே, "திருகோணமலையில் உங்களுக்கு எதற்கு விமானம்?" என்றார். முறைப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் கேட்டார், சொல்கிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது என் அப்பாவுக்கு ஒன்பது வயது. பயந்து ஓடியதைச் சொல்லத் தொடங்குவார். முடிக்கும்போது அந்த விமானங்கள் எப்படித் திரும்பின என்பதைக் கையால் காட்டிக்கொண்டிருப்பார். இன்று சீனக்குடாவில் விமானப்படையின் கல்விக்கழகம் இருக்கிறது; பயிற்சி விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால்தான் போகின்றன. இந்த ஊரில் வானத்தைப் பார்க்காமல் வளர முடியாது. எங்கே, எப்போது, எந்த அனுமதியோடு பறப்பது என்பது எனக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் இடையிலான விடயம். அவர்கள் என் குறிப்பேட்டைக் கேட்கும் நாளில் இடது ஸ்பாருக்குரிய பக்கத்தில் 'தொலைபேசியில் பரவாயில்லை என்றார்கள்' என்று எழுதிக்கொடுக்க முடியாது. இரண்டாவது இருக்கையைத் தங்கையின் மகளுக்கு என்று சொல்லிவிட்டேன். அவளுடைய அம்மாவிடமும் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

எனக்கு வேண்டியது பணம் அல்ல. தயாரிப்பாளரிடமிருந்து புதிய இடது ஸ்பார் ஒன்றை, அதன் பரிசோதனைப் பதிவோடு, உங்கள் செலவில் அனுப்புங்கள். பழையதை நீங்களே எடுத்துச் செல்லலாம். அனுப்பமாட்டீர்கள் என்றால், தயாரிப்பாளரின் வடிவமைப்புப் பொறியியலாளர், ஸ்பாரின் தொடர் இலக்கத்தையும் நான் தந்த பதினொரு அளவுகளையும் குறிப்பிட்டு, இந்த நிலையிலேயே 4 ஜீ தாங்கும் என்று கணக்கோடு எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும். உண்மையாகவே பரவாயில்லை என்றால் அதை எழுத ஒரு பொறியியலாளருக்கு அரை நாள் போதும். இருபத்துநான்கு போல்ட்டுகளையும், தலைக்குறியுள்ளவையாக, ஆலையின் பைக்கற்றிலேயே மாற்றித் தர வேண்டும். இதில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இடது இறக்கையை மூட வேண்டும் என்பதால் இருபத்தொரு நாள் அவகாசம் தருகிறேன். ஆகஸ்ட் 4ஆம் திகதி தாண்டினால் இந்தக் கடிதத்தின் பிரதி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் தயாரிப்பாளரின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் போகும். ரோட்டக்ஸ் 912 இயந்திரத்துக்காக உங்களுக்குச் செலுத்த வேண்டிய முற்பணத்தையும் அதுவரை நிறுத்திவைத்திருக்கிறேன்.

ஸ்பாரை நேரில் பார்க்க ஆள் அனுப்புவதானால், ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை ஐந்துக்குப் பிறகு வரலாம். வெர்னியர் கொட்டகையில் இருக்கிறது. தொலைபேசியில் பேசியவரையே அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
(ஒப்பம்)
விமானத் தொகுதியை வாங்கியவர்

இணைப்பு: விலைச்சிட்டை, இரு தவணைப் பற்றுச்சீட்டுகளின் பிரதி, பதினொரு துளைகளின் அளவுகள், படங்கள், தலைக்குறியற்ற போல்ட் ஒன்று.