கொமென்ட் பகுதிக்கும் ஒரு தலைவரைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமூக ஊடகங்களில் நாகரிகமாக அரசியல் கதைக்கவே முடியாது, படித்தவர்கள் அங்கிருந்து விலகிக்கொள்வதே நல்லது என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. முடியும், எங்கள் ஊரிலேயே அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். முடியாமல் போகிற இடங்களில் அப்படிப் போவதற்கு உங்கள் பத்திரிகைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைப்பதால்தான் உங்களுக்கே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2025 மார்ச் 28 ஆம் திகதி வந்த, காணி பற்றிய அரச வர்த்தமானி அறிவித்தலை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், கோராவிட்டால் அது அரச காணி என்றது. எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு வட்சப் குழு இருக்கிறது, ஊரில் இருப்பவர்களோடு ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போனவர்களும் அதில் இருக்கிறார்கள். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்தி எடுத்த நாளிலிருந்து அந்தக் குழுவில் ஆளையாள் முகம் கொடுத்துக் கதைக்காத அளவுக்குப் பகை. தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு வாக்குப் போட்டவன் இனத்தை விற்றவன், தமிழரசின் வீட்டுக்குப் போட்டவன் பழைய ஏமாளி, தமிழ்க் காங்கிரசின் சைக்கிளுக்குப் போட்டவன் விசரன் என்று மாறி மாறி ஏச்சு.

அதே ஆட்கள்தான் வர்த்தமானி வந்ததும் வேறு மாதிரிக் கதைத்தார்கள். ஒருவர் வர்த்தமானி முழுவதையும் அப்படியே குழுவில் போட்டுவிட்டார். இது 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வருகிற வழமையான நடைமுறை, காணி உறுதி இல்லாமல் இருக்கிற சனத்துக்கு உரித்து எடுத்துக் கொடுக்கத்தான் என்று திசைகாட்டிக்காரத் தம்பி ஒருவர் எழுதினார். அப்படியென்றால் ஏன் மூன்று மாதம், வெளிநாட்டில் இருப்பவனுக்கு யார் அறிவித்தது, இடம்பெயர்ந்தபோது உறுதியைத் தொலைத்தவன் எதைக் காட்டுவான் என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு அக்கா கேட்டார், கேட்டதோடு நிற்காமல் தன் அப்பப்பாவின் பெயரில் உள்ள பழைய உறுதியைப் படம் பிடித்துப் போட்டு, இதை வைத்து என்ன செய்யலாம் என்றும் கேட்டார். சூடாகத்தான் போனது. ஆனால் ஒருவருடைய தாயையோ சாதியையோ யாரும் இழுக்கவில்லை. கடைசியில் அந்தத் தம்பியே, மூன்று மாதம் என்பது அநியாயம்தான், எங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் சொல்கிறேன் என்று எழுதினார். பிறகு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் அரசு வர்த்தமானியை மீளப் பெற்றதும் தெரிந்ததே. எங்கள் குழுவால் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சண்டைபிடித்த அதே மனிதர்கள் அதே கைபேசியில் ஒழுங்காக வாதிட்டார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

அப்படி நடந்ததற்குக் காரணமாக எனக்குத் தெரிவது இரண்டு விஷயங்கள். ஆளுக்காள் காதில் கேட்டதைக் கதைக்காமல், எல்லோரும் ஒரே தாளைப் பார்த்துக் கதைத்தார்கள். அடுத்தது, குழுவை நடத்துகிற ஓய்வுபெற்ற தபாலதிபர் அந்த நாட்களில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். விஷயத்தைப் பற்றி எதையும் எழுதலாம், ஆளின் குடும்பம், சாதி, 'நீ ஓடிப்போனவன்', 'நீ காட்டிக்கொடுத்தவன்' இவை கூடாது என்பது அவர் வைத்த ஒழுங்கு. யாரும் மீறினால் குழுவில் வைத்துக் கண்டிக்கமாட்டார், ஆளைக் குழுவிலிருந்து தூக்கவும் மாட்டார். நேரே அழைப்பு எடுத்து, "தம்பி, அந்த ஒரு வரியை எடுத்துவிடு, மிச்சம் நல்லாய்த்தான் இருக்கு" என்பார். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

இதை உங்கள் பத்திரிகையின் முகநூல் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். கடந்த உள்ளூராட்சித் தேர்தல் நேரம், 2025 மே 6 இற்கு முன்னர், எங்கள் பக்கத்து வட்டாரத்தில் போட்டியிட்ட ஓர் இளம் பெண்ணின் பேட்டியைப் போட்டிருந்தீர்கள். நல்ல பேட்டி. மாரியில் வெள்ளம் நிற்கிற ஒழுங்கைகள், அடைபட்டுக் கிடக்கிற வாய்க்கால், குப்பை வண்டி வராத தெரு என்று இடம் இடமாகச் சொல்லியிருந்தார். கீழே வந்த கொமென்ட்களை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவருடைய பொட்டு, நிறம், இன்னும் கலியாணம் ஆகவில்லையா, எந்தச் சாதி, யாரோடு படம் எடுத்தவர். வாய்க்காலைப் பற்றி ஒரேயொரு கேள்வி இருந்தது, அதற்கு அவர் பதில் எழுதியும் இருந்தார், அந்தப் பதிலுக்குக் கீழேயும் ஊத்தை. பெண்களுக்கு 25 வீத இடம் சட்டமாகி 2018 தேர்தலில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் பெருமையாகப் பேசினோம். வந்த பிள்ளைகளை இப்படித்தான் நடத்துகிறோம். உங்கள் அலுவலகத்தில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லையா என்று அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சனத்தின் குணம் அப்படி என்று சொல்லிவிட்டுப் போகமுடியாது. முகநூல் நிறுவனம் 2017 இல் கோப முகம் உட்பட ஐந்து முகக்குறிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு பெறுமதி கொடுத்துத்தான் எது மேலே வரவேண்டும் என்று தீர்மானித்தது. கோப முகத்தின் பெறுமதியைப் பூச்சியமாக்கியது 2020 இல்தான். அதற்குள் ஊர் ஊராகப் பழக்கம் ஊறிவிட்டது. 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அந்தத் தளத்தில் பரவிய வெறுப்பைத் தடுக்கத் தவறியதற்கு அதே நிறுவனம் இரண்டு வருடம் கழித்து வருத்தம் தெரிவித்தது. சிங்களத்திலேயே அந்தக் கதி என்றால், யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிலின் பெயரையோ ஒரு குறிச்சியின் பெயரையோ சும்மா சொல்வது போலச் சொல்லி ஒருவரைச் சாதியால் குத்துகிறார்களே, அதை எந்த இயந்திரம் கண்டுபிடிக்கும்? எங்களுக்குத்தான் தெரியும், ஊர் ஆட்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பக்கம் கொழும்பு. 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவின் கையில் எது பொய், எது தடைசெய்யப்பட்ட கூற்று என்று சொல்கிற அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. இதை வைத்து ஊத்தை வாய்களை அடக்கலாம் என்று எங்கள் ஆட்கள் சிலரே எழுதுவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞர் எழுதிய கவிதைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020 மேயில் கைதாகி ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார், பிறகு நீதிமன்றம் விடுதலை செய்தது. நாகரிகத்தைக் காக்கிற வேலையை அரசிடம் கொடுத்தால் முதலில் அடைபடுவது யாருடைய வாய் என்று தமிழ் பேசுகிற எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

அப்புறம், எங்களுக்கென்று ஒரு வரலாறும் இருக்கிறது, அதை மறந்துவிட்டு இதைக் கதைக்க முடியாது. 1989 ஜூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார், அதே ஆண்டு செப்டெம்பரில் மருத்துவபீட விரிவுரையாளரும் மனித உரிமைக்காக எழுதியவருமான ராஜினி திரணகம இதே யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது. அவர்களின் அரசியலோடு யாருக்கு என்ன பிணக்கு இருந்தாலும், ஒருவரைத் துரோகி என்று முத்திரை குத்துவது இந்த மண்ணில் எதில் போய் முடிந்தது என்பதை அந்தக் காலத்தில் இங்கே இருந்த நாங்கள் அறிவோம். இன்று இருபது வயதுப் பிள்ளை ஒன்று ரிக்ரொக்கில் அதே சொல்லைச் சிரித்துக்கொண்டு எறிகிறது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை, சொல்லிக்கொடுக்காமல் விட்டது நாங்கள்தான். ஆனால் இந்தச் சொல்லைக் கண்டதும் என் வயதுக்காரர் வாயை மூடிக்கொண்டு ஒதுங்குவது கூச்சத்தால் என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்கள் ஒதுங்கினால் அந்த இடத்தில் மிஞ்சுவது சத்தம் போடுகிறவர்கள் மட்டும்தான், அதனால்தான் விலகச் சொன்ன உங்கள் கட்டுரையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

அந்த நாளில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த அரசியல் கூட்டங்களும் ஒன்றும் பூசை மண்டபம் மாதிரி இருந்ததில்லை. தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் மோதிய நாட்களில் மேடையில் கேட்ட ஏச்சுகளை இங்கே எழுதினால் நீங்கள் அச்சிடமாட்டீர்கள். ஆனாலும் அந்தக் கூட்டங்களுக்குத் தலைவர் என்று ஒருவர் இருந்தார். "தம்பி, விஷயத்துக்கு வாரும்" என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது, சனமும் அவருக்குக் கட்டுப்பட்டது. உங்கள் கடிதப் பக்கத்துக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார், நீங்கள்தான். அதே பத்திரிகையின் முகநூல் பக்கத்துக்கு மட்டும் ஏன் ஒருவரும் இல்லை? அச்சில் 'மாகாண சபைத் தேர்தல் குறித்து விவாதம்' என்று வருகிற செய்தி முகநூலில் 'கிழித்துத் தொங்கவிட்ட எம்பி' என்று வருகிறதே, அதை எழுதுவது யார்?

ஆகவே உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். வடக்கு மாகாண சபைக்கு 2013 இல் தேர்தல் நடந்தது, சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. இதைப் பற்றி எல்லாக் கட்சிக்காரரும் இணையத்தில் கத்துகிறார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் பாராளுமன்றத்தில் தோற்றதிலிருந்துதான் இந்தச் சிக்கல் என்பதைச் சொல்பவர் சிலர்தான். இதையே முதலாவதாக எடுங்கள். சட்டத்தின் உரிய பகுதியை அப்படியே உங்கள் முகநூல் பக்கத்தில் போடுங்கள், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள், எல்லாக் கட்சிக்காரரையும் சொந்தப் பெயரில் பதில் எழுதக் கூப்பிடுங்கள், வெளிநாட்டில் இருப்பவர்களையும் சேர்த்து. அரசியலைத் தாக்கி எவ்வளவு காரமாக எழுதினாலும் இருக்கட்டும், ஆளின் உடம்பையும் சாதியையும் குடும்பத்தையும் தொட்டால் எடுத்துவிடுங்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரியும் எழுதுங்கள்.

அதற்கு ஆள் வைக்கக் காசில்லை என்று சொல்வீர்கள், சின்னப் பத்திரிகையின் நிலை எனக்கும் விளங்குகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபாலதிபர்கள், கிராம அலுவலர்கள் என்று இந்தக் குடாநாடு முழுக்கப் பொறுமையாக வாசிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை என்னால் சம்பளமில்லாமல் இருந்து பார்க்க முடியும், எங்கள் தபாலதிபரையும் கேட்டுவிட்டேன், அவரும் சரி என்கிறார். எப்போது தொடங்கலாம் என்று அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.