துடுப்புக்காலியை வாத்து ஆக்காதீர்கள்: பறவைப் பெயர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் வரைவுப் பட்டியலில் ஹீலியோபைஸ் பெர்சொனேட்டஸ் என்ற அறிவியல் பெயருள்ள பறவைக்கு நேரே 'முகமூடி வாத்து' என்று இருக்கிறது. முந்தைய வரைவிலும் அதுவே. திருத்தம் எழுதி அனுப்பிய பிறகும் அதே பெயர் வந்திருப்பதால்தான் இந்த மடல். அதை நீக்கிவிட்டுக் 'கருமுகத் துடுப்புக்காலி' என்று இடுங்கள்.

அது வாத்து இல்லை என்று உங்களுக்கே தெரியும். கானாங்கோழிக்கும் நாமக்கோழிக்கும் உறவுக்காரப் பறவை அது. அதன் குடும்பத்தில் உலகிலேயே மூன்று இனங்கள்தான்: ஆப்பிரிக்காவில் ஒன்று, அமெரிக்க வெப்பமண்டலத்தில் ஒன்று, ஆசியாவில் இது. வாத்தின் முன்விரல் மூன்றையும் ஒரே சவ்வு இணைக்கும். இதன் பச்சைக் கால்களில் விரல்கள் தனித்தனி. நாமக்கோழிக்கு இருப்பதுபோல் ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் துடுப்புபோல் தோல் மடல் உண்டு. அலகும் தட்டையில்லை, மஞ்சளாய், தடித்து, கூர்ந்திருக்கும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. முகமூடி வாத்து என்றே உண்மையில் ஒரு வாத்து உண்டு. நோமோனிக்ஸ் டொமினிகஸ், மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரையும் கரீபியத் தீவுகளிலும் வாழ்வது. உலகப் பறவைகளைத் தமிழில் எழுத வருகிறவர் அதற்கு இனி என்ன பெயர் வைப்பார்? அச்சுப் பதிப்பில் அறிவியல் பெயர் நிரலை இடமில்லாததால் விட்டுவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. அமெரிக்க வாத்துக்கு இப்போதைக்கு அழிவு அச்சம் இல்லை. ஆசியப் பறவையோ மிக அருகிய இனம்: 2020இல் வெளியான மதிப்பீட்டின்படி எஞ்சியவை 108 முதல் 304 வரைதான், பெரும்பங்கு வங்கதேசத்துச் சுந்தரவனத்தில். 'முகமூடி வாத்துக்கு ஆபத்தில்லை' என்று ஒரு மாணவர் எழுதினால் அந்தப் பிழை அவருடையதா?

பெயர் கண்ணையும் தவறான இடத்துக்கு அனுப்பும். வாத்து தேடுபவர் திறந்த நீர்ப்பரப்பைத்தான் துழாவுவார். இதைத் தேட வேண்டியது ஒடுங்கிய ஓடைகளில், நீர் வற்றிக் கரைச்சேறு தெரியும் நேரத்தில், கிளைகள் நீரின்மேல் தாழ்ந்திருக்கும் ஓரங்களில். படகின் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் துடுப்பு போட வேண்டும். உடலை நீரில் தாழ்த்தித் தலையை முன்னும் பின்னும் ஆட்டியபடி நீந்தும். ஆள் வாடை பட்டால் பெரும்பாலும் பறக்காமல் சேற்றிலேறிப் புதருக்குள் ஓடி மறையும்.

'பாம்புத்தாரா மட்டும் தாராவா?' என்று பதில் எழுதியிருந்தீர்கள். தாரா என்றால் வாத்து, பாம்புத்தாரா வாத்து இல்லைதான். ஆனால் அது குளத்தங்கரையில் பிறந்த பெயர். அதைச் சொல்பவர்கள் பறவையைத் தினமும் பார்க்கிறார்கள். பெயர் அவர்களை ஏமாற்றாது. சுந்தரவன மீனவர்கள் துடுப்புக்காலியை 'ஹாஞ்ஸ்' (வங்காளத்தில் வாத்து) சேர்த்து அழைப்பதும் அப்படித்தான். தமிழ் வாசகருக்கோ இந்தப் பறவையைக் காட்டப்போவது நீங்கள் வைக்கும் பெயர் ஒன்றே. வங்காளப் பெயரின் முதற்பாதியே 'காலாமுக்', கருமுகம். ஆண், பெண் இரண்டுக்கும் முகம் கருப்பு. பெண்ணுக்குத் தொண்டை மட்டும் வெள்ளை. கருமுகம் இரண்டுக்கும் பொருந்தும்.

இந்த ஒரு வரியோடும் முடியவில்லை. அதன் அமெரிக்க உறவுக்குச் 'சூரிய முக்குளிப்பான்' என்று வைத்திருக்கிறீர்கள். அது முக்குளிப்பான் இனமே அல்ல. அந்த ஆண் பறவைக்கு இறக்கையின் கீழ் இருபுறமும் தோல் மடிப்புகள் உண்டு. குஞ்சுகளை அவற்றில் வைத்துக்கொண்டு நீந்தும், பறக்கவும் செய்யும். இப்படியொரு பறவைக்கு அகராதியைப் புரட்டி இரண்டு சொற்களை ஒட்டினால் போதுமா? பறவையின் காலையும் அலகையும் பாராமல் எத்தனை வரிகள் இப்படி நிரப்பப்பட்டிருக்கின்றன?

சினத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். ஊதியமின்றி நீங்கள் செய்யும் வேலை இது என்பதை மறக்கவில்லை. அச்சுக்குப் போகுமுன் மூன்று இடங்களில் கைவைத்தால் போதும்: பெயர் வரி, வாத்துக் குடும்பத்தின் கீழ் அதைச் சேர்த்திருக்கும் தலைப்பு, பின்னிணைப்பு அகரவரிசை. அறிவியல் பெயரைச் சிறிய எழுத்திலாவது விட்டுவையுங்கள். 'முகமூடி வாத்து' என்ற பெயரை அதற்குரிய அமெரிக்க வாத்துக்கே விட்டு, இதைக் கருமுகத் துடுப்புக்காலி என்று அச்சிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.